சவரிநாதன் சுமந்த கேன்

சவரிநாதன் குடிகாரன் என்பதை ராயபுரத்தில் வேறு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவன் பெண்சாதி வியாகுலம்மாள் ஒருத்தி போதும். குழாயடியில் சொல்வாள், மீன் வாங்குகிற இடத்தில் சொல்வாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஆட்களை நிறுத்தி வைத்துச் சொல்வாள். "நேத்தும் குட்ச்சிட்டு வந்து வாசல்லயே வுய்ந்து கெடந்தான்க்கா" என்று அவள் ஆரம்பித்தால், கேட்கிறவர்கள்தான் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அப்போது மெட்ராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. அந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான்கள் ஒரு சாயங்காலம் ராயபுரம் சந்துகளில் வந்து மூச்சை இழுத்துப் பார்த்திருக்கலாம்.

இத்தனைக்கும் கெட்டிக்கார ஃபிட்டர். ஹார்பரில் கிரேன் நின்றுபோனால் அவனைத்தான் தேடுவார்கள். தேடிப் பிடித்து, முகத்தில் தண்ணீர் அடித்து, கூட்டிக்கொண்டு போவார்கள்.

அப்படிப்பட்டவன் அந்த வருஷம், "நானும் வேளாங்கண்ணிக்கு நடந்து வரேன்" என்றான். வியாகுலம்மாளுக்குக் கையிலிருந்த முறம் நழுவிவிட்டது. ஹார்பரில் சரக்கு எண்ணுகிற டேலி கிளார்க்காக இருந்த ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் வருஷா வருஷம் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, மாதா திருவிழாவுக்கு நடந்தே போய்வருவார். அவள் இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தாள். எதற்கு நேர்ந்துகொண்டாள் என்பதை யாரும் கேட்டதில்லை. கேட்காமலேயே எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டானிஸ்லாஸ் தங்கமான மனுஷர். ஆனால் விரதம் என்று வந்துவிட்டால் கல். சாமியார் மந்திரித்துக் கொடுத்த காவித் துணியைக் கட்டி, ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுவிட்டால், மாதா கோயில் வாசலை மிதிக்கிற வரைக்கும் கவிச்சி கிடையாது, செருப்பு கிடையாது, பீடி கிடையாது. குடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தவறினால் நடுரோட்டிலேயே துணியை அவிழ்த்து வாங்கிக்கொண்டு, பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார். போன வருஷம் காசிமேட்டு ஆள் ஒருத்தர் மதுராந்தகம் ஏரிக்கரையில் ஒளிந்து ஒரு பீடி பிடித்தார். அவ்வளவுதான். அந்த மனுஷர் இன்னமும் கோயிலில் கடைசி வரிசையில்தான் உட்காருகிறார்.

"இவன் தாங்குவானா தங்கச்சி?" என்று ஸ்டானிஸ்லாஸ் கேட்டார்.

"தாங்குவான்ணே. அவனா வாயத் தொறந்து வரேன்னு சொல்லிகிறான். மாதாதான் சொல்ல வெச்சிக்கிறா" என்றாள் வியாகுலம்மாள். சொல்லும்போதே அழுதாள்.

அடுப்புப் பேச்சு அதற்கப்புறம்தான் வந்தது. மத்தியானச் சாப்பாட்டை வழியில் கோயில்களிலும் வீடுகளிலும் போட்டுவிடுவார்கள். காலைக் கஞ்சிக்கும் சாயங்கால டீக்கும்தான் பாடு. ஆவணி மழையில் சுள்ளியெல்லாம் ஊறிக் கிடக்கும். போன வருஷம் பம்பு ஸ்டவ்வைத் தலையில் சுமந்து வந்த ஸ்டானிஸ்லாஸ் பெண்சாதி எல்சிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெய் சிந்தி அரிசி மூட்டை முழுக்க நாறிப்போனது. "நான் ஒரு அடுப்பு பண்ணித் தரேன். மாங்காகூட அத்த வுட கனமா இருக்கும்" என்றான் சவரிநாதன்.

சொன்ன மாதிரியே செய்தான். கப்பலில் வருகிற வட்டமான சிகரெட் டின் இரண்டை எடுத்து, இரண்டின் அடிப்பாகத்தையும் மூன்று விரல் உயரத்துக்கு வெட்டினான். ஒன்றின் விளிம்பைக் கொஞ்சம் நெளித்து மற்றதற்குள் இறுக்கிச் செருகினான். இடைவெளியில் மெஷின் துடைக்கிற பஞ்சு வேஸ்ட்டைத் திணித்தான். மேல் விளிம்பைச் சுற்றிக் கோணி ஊசியால் பொடிப்பொடியாக ஓட்டை போட்டான். பாத்திரம் உட்கார சைக்கிள் கம்பியில் மூன்று கால், காற்றை மறைக்க ஒரு துண்டுத் தகரம். நடுக்குழியில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்ற வைத்தால் முதலில் சும்மா மெத்தென்று எரியும். டின் சூடேறியதும் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் சீறிக்கொண்டு தனித்தனிச் சுடர் கிளம்பும். மாதா கிரீடம் மாதிரி இருக்கிறது என்றாள் எல்சி. ஒரு செம்புத் தண்ணீர், வியாகுலம்மாள் ஒரு ஜெபமாலையில் பாதி சொல்லி முடிப்பதற்குள் கொதித்துவிட்டது.

"பகல்ல இந்த நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. அணைஞ்சிட்ச்சின்னு நெனச்சி மேல ஊத்துனா கையோட பத்திக்கும். அதுக்குத்தான் ஸ்பிரிட்ல ரெண்டு கல் உப்பு போட்டு வெக்கிறது. மஞ்சளா எரியும், தெரியும்" என்று அவன் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். அந்த ஒரு வாரமும் அவன் குடிக்கவில்லை. கை நடுங்கியது, ராத்திரியெல்லாம் வேர்த்தது, ஆனாலும் குடிக்கவில்லை. பல வருஷமாக அவளுக்குக் கிடைக்காத புருஷன் கிடைத்தான். வியாகுலம்மாள் இப்போது குழாயடியில் வேறு கதை சொன்னாள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பெண்களுக்கு இந்தக் கதை அதைவிடப் புளித்தது.

எரித்துக் காட்டுகிற அளவுக்கு ஹார்பரிலிருந்து கொஞ்சம் ஸ்பிரிட் கொண்டுவந்திருந்தான். வழி முழுக்க எரிக்க ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? மதுவிலக்குக் காலத்தில் அதை லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களிடம்தான் வாங்க முடியும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மஜீது பாய் மர சாமானுக்குப் பாலிஷ் போடுகிற பட்டறை வைத்திருந்தார். சவரிநாதன் போய்க் கேட்டான். அவர் அவன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு இல்லையென்று அனுப்பிவிட்டார். மறுநாள் வியாகுலம்மாளே போய் நின்றாள்.

"யம்மா, இது மர பாலிஷுக்கு வர்ற ஸ்பிரிட்டு. குடிக்கக் கூடாதுன்னே விஷம் கலந்து அனுப்புறான்" என்றார் மஜீது. "நம்ம பட்டறைலயே ஒருத்தன் குடிச்சான். காலைல எழுந்து, இன்னா ஒரே பனியா கீதுன்னான். அப்பறம் அவனுக்கு விடியவே இல்ல. உன் வூட்டுக்காரன் சமாச்சாரம் ஊருக்கே தெரியும். தெரிஞ்சும் தரச் சொல்றியா?"

"அவன் காவி கட்டப்போறான் பாய். அடுப்புக்குத்தான். நான் ஜவாப்தாரி."

மஜீது தாடியைத் தடவினார். பிறகு ஒரு கேனில் நிரப்பிக் கொடுத்தார். "உன் பேச்சுக்குத்தான் தரேன்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? ஒரு பெண்பிள்ளை கோயில் விரதத்தை முன்னால் நிறுத்திக் கேட்டால் எவர்தான் மறுப்பார்?

கேனைச் சுமக்கிற வேலையைச் சவரிநாதன் தானாகவே ஏற்றுக்கொண்டான். துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டான். ஸ்டானிஸ்லாஸ் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். செங்கல்பட்டு வரைக்கும் சவரிநாதன் கொடியை ஒட்டியே பாடிக்கொண்டு போனான். கால் கொப்புளித்த ஒரு கிழவரின் மூட்டையையும் வாங்கிக்கொண்டான். ஜனங்கள் அவனைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. "ஆளே மாறிட்டாண்டி" என்றாள் எல்சி. வியாகுலம்மாளுக்கு வெறுங்கால் சூடு தெரியவே இல்லை.

திண்டிவனம் தாண்டி ஒரு காலை, வழக்கமாக விடியுமுன் இருட்டில் மூட்டுகிற கஞ்சி அடுப்பை வெயில் ஏறிய பிறகு மூட்டியபோது நெருப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. எல்சி அணைந்துவிட்டதென்று கையை வைத்துச் சுட்டுக்கொண்டாள். "உப்பு போடலியா?" என்று வியாகுலம்மாள் கேட்டாள்.

"மழைல உப்பு கரைஞ்சி பூட்ச்சு மே. கடை வந்தா வாங்கிக்கலாம்" என்றான்.

கடை வந்தது. ஒன்றல்ல, ஏழெட்டு வந்தது. அவனும் வாங்கவில்லை, அவளும் கேட்கவில்லை. உப்புப் போட்ட ஸ்பிரிட் எரிவதற்குத்தான் நன்றாயிருக்கும். வேறெதற்கும் வாயில் வைக்க முடியாது. இது அவளுக்குத் தோன்றாமலா இருந்தது? தோன்றியது. தோன்றியதை ஒரு ஜெபமாலை சொல்லி அமுக்கினாள். அடுத்த நாள் அடுப்பு லேசில் பற்றவில்லை. நாலைந்து குச்சி செலவழிந்தது. கேனில் குறைந்ததைத் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டியிருந்தால் அப்படித்தான் இழுக்கும். "ஈரக் காத்து" என்றாள் அவளே, யாரும் கேட்பதற்கு முன்னால். அரை வேக்காட்டுக் கஞ்சியை எல்லோரும் மாதாவை நினைத்துக் குடித்தார்கள்.

அவளுடைய பயமெல்லாம் புதுச்சேரியைப் பற்றித்தான். அங்கே மதுவிலக்கு கிடையாது. மெட்ராஸில் திருட்டுத்தனமாகத் தேடுகிற பொருளை அங்கே போர்டு எழுதி வைத்து விற்கிறார்கள். அதைத் தாண்டிவிட்டால் ஜெயித்த மாதிரி என்று கிளம்பிய நாளிலிருந்தே கணக்குப் போட்டிருந்தாள். ஊருக்குள் நுழைந்ததும் அவனை நடுவில் விட்டு, எல்சி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அவன் துண்டின் முனையை விரலில் சுற்றிக்கொண்டாள். வரிசையாகப் பிராந்திக் கடைகள். உள்ளேயிருந்து சிரிப்பும் வறுத்த மீன் வாசனையும் வந்தன. ஒரு கடை வாசலில் அவன் கால் தயங்கியது. துண்டை வெடுக்கென்று இழுத்தாள்.

"ஒரே ஒரு கிளாஸ் மே" என்றான், உதடு அசையாமல். "காவிய அவுத்து உங்கைல குடுத்துட்டுப் போறேன். குட்ச்சிட்டு வந்து திருப்பிக் கட்டிக்கிறேன். என்னால முடியல."

"ஸ்டானிஸ்லாஸ் அண்ணனுக்குத் தெரிஞ்சா இங்கியே பஸ் ஏத்திடுவாரு. மூஞ்சிய எங்க கொண்டு வெக்கிறது? நட."

அவன் நடந்தான். மாடு மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தான். ஊர் எல்லை தாண்டியதும் வியாகுலம்மாள் நடுரோட்டில் முட்டி போட்டு மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். ஸ்டானிஸ்லாஸ் சவரிநாதனைக் கட்டிப் பிடித்து முதுகில் தட்டினார். அன்று கடையில் அவன் அந்த ஒரு கிளாஸ் நல்ல பிராந்தியைக் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தலைவலி வந்திருக்கும், மானம் போயிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும்.

சாயங்காலம் கடலூருக்கு இப்பால் ஒரு சத்திரத்தில் தங்கினார்கள். டீ போட்டு முடித்ததும் அவன் குளத்தில் கால் கழுவி வருகிறேன் என்று எழுந்தான். போகும்போது கேன் பையையும் தோளில் மாட்டிக்கொண்டான். கால் கழுவப் போகிறவனுக்குக் கேன் எதற்கு? வியாகுலம்மாள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். வெங்காயத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாள். புதுச்சேரியையே தாண்டி வந்தவன், இதையா தொடப்போகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் நெடுநேரம் கழித்து வந்து, சாப்பாடு வேண்டாமென்று துண்டை மூடிப் படுத்தான்.

மறுநாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான். இரண்டு தடவை வாந்தி எடுத்தான். வெயிலின் வேலை என்று ஸ்டானிஸ்லாஸ் மோர் வாங்கிக் கொடுத்தார். அதற்கும் அடுத்த நாள் காலையில், சூரியன் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கும்போது, அவன் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான்.

"இன்னா மே, இவ்ளோ பனி?" என்றான்.

மஜீது பாய் சொன்ன வார்த்தை, அட்சரம் பிசகாமல். கேன் பையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் களக்களக்கென்று கொஞ்சம்தான் ஆடியது. வழி நெடுக எரித்ததைக் கழித்தாலும் அதில் பாதிக்குமேல் இருந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவனை ஒரு கட்டை வண்டியில் போட்டு, பக்கத்துச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வண்டியைச் சுற்றி மொத்தக் கூட்டமும் ஜெபம் சொல்லிக்கொண்டே ஓடியது.

டாக்டர் இளவயசு. இமையைத் தூக்கிப் பார்த்தார், நாடி பிடித்தார். வாயை முகர்ந்து பார்த்தார். இரண்டு நாள் ஆகிவிட்டதால் வாடை ஒன்றும் இல்லை. நிமிர்ந்து, "ஏதாவது குடிச்சானா?" என்று கேட்டார்.

"அய்யய்யோ, விரதத்துல இருக்கிற ஆளு டாக்டர்" என்று ஸ்டானிஸ்லாஸ் முந்திக்கொண்டார். "புதுச்சேரிலயே தலை நிமிராம நடந்து வந்தவரு."

"பொண்டாட்டி யாரு? நீ சொல்லும்மா. மறைக்காம சொல்லு. சாராயமோ வேற எதுவோ, குடிச்சானா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எல்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வியாகுலம்மாள் வாயைத் திறந்தாள். மஜீது பாயிடம் ஜவாப்தாரி என்று சொன்னது ஞாபகம் வந்தது. இங்கேயே காவியை உருவி வாங்குவார்கள் என்று தோன்றியது. குழாயடியில் ஒவ்வொருத்தியும் எப்படிச் சிரிப்பாள் என்பதுகூட அந்த நேரத்தில் கண்ணில் தெரிந்தது, பாவி மகளுக்கு.

"இல்ல டாக்டர்" என்றாள். "அவன் தொடறதே இல்ல."

டாக்டர் வெயில் தாக்கியிருக்கும் என்று குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். கூட்டம் நகர்ந்ததும் தனியாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். எந்த வியாதிக்கும் ஊசி ஒன்றுதானே என்றும் நினைத்தாள். ஒருமுறை டாக்டர் அறை வாசல் வரை போனாள். அங்கே ஸ்டானிஸ்லாஸ் நின்றுகொண்டு சவரிநாதனின் விரதத்தைப் பற்றி நர்ஸம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டாள். பிறகு போனபோது டாக்டர் வேறு ஊருக்குப் பிரசவ கேசுக்குக் கிளம்பிப் போயிருந்தார். மறுநாள் விடிந்தபோது சவரிநாதனுக்குப் பனியும் தெரியவில்லை.

மாதா சோதிக்கிறாள் என்றார்கள். பஸ்ஸில் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய்ப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவன் எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் தூணைப் பார்த்துக் கும்பிட்டான். எல்சி அவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். கூட்டமே கதறியது. வியாகுலம்மாளுக்கு மட்டும் அழுகை வரவில்லை.

மெட்ராஸ் திரும்பியதும் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெரிய டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். "இது ஸ்பிரிட் குடிச்ச கண்ணு. நரம்பு செத்துப்போச்சு. பனி மாதிரி தெரியுதுன்னு சொன்ன அன்னைக்கே, குடிச்சதைச் சொல்லியிருந்தா ஏதாவது முயற்சி பண்ணியிருக்கலாம். இப்போ ஒண்ணும் பண்ண முடியாது." பக்கத்தில் அப்போது வியாகுலம்மாள் மட்டும்தான் இருந்தாள். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சவரிநாதன் கூரையைப் பார்த்த மாதிரி படுத்திருந்தான்.

"அன்னிக்கு அந்த டாக்டரு கேட்டாரா?" என்றான்.

"கேட்டாரு."

"எனுக்கு நெனவு இல்ல. நீ இன்னா சொன்ன?"

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இல்லன்னு சொன்னேன்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "குடிச்சது நான்தான். உன்னச் சொல்லி இன்னா கீது" என்றான் முதலில். பிறகு, "ஆனா கேக்காதவன் கைலல்லாம் ஊரு பூரா சொல்லிகினு திரிஞ்சியே மே. கேட்டவன் அவன் ஒர்த்தன்தான். அவன் கைல மட்டும் எப்பிடி இல்லன்னு வந்திச்சி உன் வாய்ல?" என்றான்.

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை நாளும் வராத அழுகை. இனிமேல் மறைத்து யாருக்கு என்ன லாபம், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று அப்போதே தீர்மானித்தாள்.

பார்வை நேரத்தில் ஸ்டானிஸ்லாஸும் எல்சியும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சவரிநாதனின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். "சாமியார் கைல சொன்னேன் சவரி. வர்ற ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல உன்னப் பத்திதான் பேசப்போறாரு. கண்ணு போனாலும் விரதத்த வுடாத மனுசன்னு. உன்ன முன்னால உக்கார வெக்கணுமாம்."

வியாகுலம்மாள் எழுந்து நின்றாள். "அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும்."

சவரிநாதனின் இன்னொரு கை காற்றில் துழாவி அவள் மணிக்கட்டைக் கண்டுபிடித்தது. கிரேன் போல்ட்டை முறுக்குகிற கை. முறுக்கி, அவள் காது தன் வாய்க்குப் பக்கத்தில் வருகிற வரை கீழே இழுத்தான்.

"கண்ணு பூட்ச்சு" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பொறந்ததுலருந்து கெடைக்காத நல்ல பேரு இப்பத்தான் ஒண்ணு கெட்ச்சிக்குது. அத்தயும் புடுங்கிடாத."

"இன்னா தங்கச்சி, இன்னா சொல்ல வந்த?" என்று கேட்டார் ஸ்டானிஸ்லாஸ்.

அவள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்குப் பூசைன்னு கேக்க வந்தேன்ணே" என்றாள்.